மடக்குக் கத்தியில் படிந்திருப்பது அழுக்கா, கறளா? பார்த்தறிந்து துப்புரவாக்க முழு வழிகாட்டி

கறள் பிடித்துவிட்டது என்று சொல்லி என்னிடம் நீட்டப்படும் மடக்குக் கத்திகளில் நிறையவற்றில் கறளே இருப்பதில்லை. காய்ந்த பலாப்பால், பார்சல் டேப்பின் பசை, மாங்காய் வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடக்கியதால் வந்த கறுப்பு, இவைதான். அதைக் கறள் என்று எண்ணிச் சட்டி தேய்க்கும் கம்பிப் பஞ்சால் உரசியிருப்பார்கள். பால் அப்படியே இருக்கும், கீறல் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். மென்மையானதில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கடுமையைக் கூட்ட வேண்டும், கறை போனதும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். எட்டாம் படியில் இருந்து தொடங்கினால் ஒன்று முதல் ஏழுக்குத் திரும்ப முடியாது, உரசியெடுத்த உருக்கு திரும்ப வராது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

வேலையின் நடுவில் எழுந்து சாமான் தேடப் போனால் ஈரக் கத்தி மேசையில் கிடக்கும். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் சராசரியாக 75 சதவீதத்துக்கு மேல், காபன் உருக்கு அலகு ஒன்று செம்மஞ்சளாக அது போதும். ஆகவே எல்லாவற்றையும் முன்னரே பரப்பி வையுங்கள்.

வேண்டியவை: பாத்திரம் கழுவும் திரவம், பழைய மென்மையான பல் பிரஷ், பல்குச்சி, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, தேங்காயெண்ணெய், சர்ஜிக்கல் ஸ்பிரிட், கொஞ்சம் மண்ணெண்ணெய், அப்பச்சோடா, ஒரு தேசிக்காய், சமையலறை அலுமினியத் தாள், மாஸ்கிங் டேப். கடைசியில் பூசுவதற்கு பார்மசியில் கிடைக்கும் லிக்விட் பரஃபின். அத்துடன் நிறைய வெள்ளை டிஷ்யூ அல்லது வெள்ளைத் துணி. வெள்ளையாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் துணியில் ஏறும் நிறத்தை வைத்துத்தான் கறை என்னவென்று சொல்லப்போகிறோம். பழைய சாரத் துண்டு துடைக்க நல்லது, ஆனால் அதன் கட்டங்களுக்குள் எந்த நிறமும் தெரியாது.

வெளிச்சம் முக்கியம். போன் டோர்ச்சைச் சரிவாக, அலகோடு ஒட்டினாற்போல் பிடித்தால் மேடும் குழியும் நிழல் போட்டுத் தெரியும். நேர் மேலிருந்து அடித்தால் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. போன் கமராவில் பெருப்பித்துப் பார்ப்பதும் உதவும்.

மேசைக்கே வரக்கூடாதவை: கம்பிப் பஞ்சு, எமரி பேப்பர், துணி வெளுக்கும் திரவம், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன். காரணங்களைப் போகப்போகச் சொல்கிறேன்.

2. கத்தி என்ன உலோகம், பிடி என்ன பொருள்

இதைத் தெரியாமல் தொடங்கக்கூடாது. ஒரே கறுப்புப் படலம் காபன் உருக்கில் காவல், ஸ்டெயின்லெஸ்ஸில் அழுக்கு.

அலகின் அடியில், அச்சாணிக்குப் பக்கத்தில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் 'கார்போன்' அல்லது 'இனொக்ஸ்' என்று பொறித்திருக்கும், முதலாவது காபன், இரண்டாவது ஸ்டெயின்லெஸ். சுவிஸ் கத்தியான விக்டோரினொக்ஸின் அலகுகள் ஸ்டெயின்லெஸ். எண்ணோ எழுத்தோ மட்டும் இருந்தால் அது உருக்கின் வகை: 1095 என்றால் காபன். 440சி என்றால் ஸ்டெயின்லெஸ். டி2 என்று இருந்தால் கவனம்: அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தாலும் அதில் ஒரு பகுதி காபனோடு கட்டுண்டு கிடப்பதால் மேற்பரப்பைக் காக்க மிஞ்சுவது குறைவு, ஸ்டெயின்லெஸ் என்று நம்பி வாங்கியவர்கள் மழைக்காலத்தில் புள்ளிகளைப் பார்த்துத் திகைப்பார்கள்.

முத்திரை இல்லையா? காந்தத்தை எடுக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டாது என்பது சட்டி, சிங்க் போன்றவற்றுக்குத்தான் ஓரளவு சரி. கத்திக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் கடினப்படுத்திய வகை, அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். இதற்குத் தேசிக்காய்தான் சரி. அலகின் அடியில் யாரும் பார்க்காத இடத்தில் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுச் சாறு வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். சாம்பல் நிறம் ஏறினால் காபன், ஒன்றும் ஆகாவிட்டால் ஸ்டெயின்லெஸ். உடனே கழுவிவிடுங்கள்.

அலகு முழுக்கக் கறுப்பாக, ஒரே சீராக இருந்தால் அது பூச்சு. பூச்சுள்ள கத்திக்கு எண்ணெய், சவர்க்காரம், பல்குச்சி மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமிலமும் உரசலும் பூச்சைத் திட்டுத்திட்டாக எடுத்துவிடும், பிறகு அந்தத் திட்டுகளில்தான் கறள் தொடங்கும்.

பிடியையும் பாருங்கள். மரம், எலும்பு, கொம்பு என்றால் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. ஒப்பினெல்லின் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு திறப்பதற்கே நகம் உடையும். விக்டோரினொக்ஸின் சிவப்புப் பிளாஸ்டிக் பிடியில் அசிட்டோன் பட்டால் இளகிப்போகும். அதனால்தான் அது மேசையில் வேண்டாம் என்றேன்.

3. விரலைக் காப்பாற்றுங்கள்

மடக்குக் கத்திகளில் பல, திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு இல்லாதவை. முதுகுப் பக்கம் அழுத்தித் துடைத்தால் அலகு மடங்கி விரல்மேல் விழும். பூட்டு உள்ள கத்தியைத் திறந்து பூட்டிவிடுங்கள், பூட்டு இல்லாததைத் துடைக்கும்போது ஒரு கை அச்சாணியோடு சேர்த்துப் பிடித்திருக்கட்டும்.

கூரின் நீளத்துக்கு மாஸ்கிங் டேப்பை மடித்து ஒட்டுங்கள். துணியை முதுகின் மேலால் போர்த்திப் பிடித்து, முதுகில் இருந்து கூர்ப் பக்கமாக இழுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்ப்பவர்களுக்குத்தான் வெட்டு விழுகிறது, அதுவும் வேலை முடியப்போகும் நேரத்தில்.

மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் தீப்பற்றும். காஸ் அடுப்பு எரியும் சமையலறையில் இந்த வேலை வேண்டாம், பல்கனியோ திறந்த ஜன்னல் ஓரமோ நல்லது.

4. எதையும் முடிவு செய்யுமுன் ஒருமுறை கழுவுங்கள்

இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு பாத்திரத் திரவம், பல் பிரஷ். அலகின் இரு பக்கம், முதுகு, நகம் வைத்துத் திறக்கும் குழி. மரப்பிடி என்றால் அலகை மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள்.

ஏன் முதலில் இது? மேலே எண்ணெய்ப்பிசுக்கும் சட்டைப்பைத் தூசியும் இருக்கும்வரை கீழே உள்ளதன் உண்மை நிறம் தெரியாது. கறள் என்று பயந்ததில் ஒரு பங்கு இந்தக் கழுவலிலேயே போய்விடும், அது வெறும் பழச்சாறு. உப்பும் இங்கேதான் போகும். உப்பு இருக்கும்போது எண்ணெய் பூசினால் உப்பை அடியில் வைத்து மூடியதாகிவிடும், கறள் எண்ணெய்க்குக் கீழேயே தொடரும்.

கழுவியதும் டிஷ்யூவால் முழுக்க உலர்த்துங்கள். அடுத்த படிக்கு உலர்ந்த அலகு வேண்டும்.

5. இப்போது பாருங்கள்: இது என்ன?

இந்தப் படிக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் பாய்ந்து கடந்துவிடும் படி இதுதான், பிறகு வரும் தவறுகள் எல்லாம் இங்கிருந்து கிளம்புபவை.

மூன்று சோதனைகள், இதே வரிசையில். முதலில் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். மரம் உருக்கைக் கீறாது, ஆனால் பசையையும் உலர்ந்த பாலையும் தூக்கிவிடும். அடுத்து, பஞ்சுக்குச்சியில் தேங்காயெண்ணெய் தொட்டுக் கறையின்மேல் வட்டமாக உருட்டி, பஞ்சில் ஏறிய நிறத்தைப் பாருங்கள். மூன்றாவது, டோர்ச்சைச் சரிவாகப் பிடித்து அது அலகின் மேலே நிற்கிறதா, சமமாக இருக்கிறதா, உள்ளே குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே நின்றால் படிவு. சமமாக இருந்தால் நிறமாற்றம். குழிந்திருந்தால் அரிப்பு.

*பழுப்பு அல்லது மஞ்சள், தொட்டால் ஒட்டும், பல்குச்சிக்கு உருண்டு வரும்:* பால், பிசின், டேப் பசை. ஆறாம் படி.

*செம்மஞ்சள், பஞ்சில் செங்கல் நிறம் ஏறுகிறது:* கறள். மேலோட்டமாக இருந்தால் எட்டாம் படி. ஆனால் ஸ்டெயின்லெஸ் அலகில் செம்மஞ்சள் திட்டு இரண்டு மூன்று துடைப்பிலேயே தடயமின்றிப் போனால் அது உங்கள் கத்தியின் கறளாகவே இருக்காது. ஈரமான இரும்புத் தாச்சிக்குப் பக்கத்தில் பாத்திரத் தட்டில் கிடந்ததாலோ, முன்பு கம்பிப் பஞ்சால் தேய்த்தபோது உடைந்து ஒட்டிய இரும்புத் துகளாலோ வந்த இரவல் கறள். கம்பிப் பஞ்சை ஒதுக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

*சாம்பல், நீலக்கறுப்பு, சமமான படலம், எண்ணெய்ப் பஞ்சில் ஒன்றும் ஏறவில்லை:* காபன் உருக்கில் மாங்காய், வாழைக்காய், வெங்காயம் வெட்டியதால் வரும் நிறம். அமிலமும் துவர்ப்புச் சத்தும் இரும்போடு சேர்ந்து இதைத் தருகின்றன. ஒன்பதாம் படியைப் படியுங்கள், படித்துவிட்டு அனேகமாக ஒன்றும் செய்யாமல் விடுவீர்கள்.

*கறுப்பு, ஆனால் பஞ்சில் மைபோல ஏறுகிறது, அச்சாணிக்கு அருகில் கூடுதலாக:* பழைய எண்ணெயும் உலோகத் தேய்மானத் துகளும் சேர்ந்த மசி. புதுக் கத்தியிலும் வரும். பத்தாம் படி.

*வெள்ளை, தூள்போல அல்லது வளையம் வளையமாக:* உப்பு, சவர்க்காரம், சுண்ணாம்பு இவற்றில் ஒன்று. ஏழாம் படி.

*பச்சை, மெழுகுபோல, பிடியின் உள்விளிம்பில்:* அது அலகில் இருந்து வந்ததல்ல. உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு அல்லது பித்தளை ஆணி அரிக்கிறது. பச்சை போகும்வரை அந்தக் கத்தியால் பழம் வெட்டாதீர்கள், செம்பின் உப்புகள் வயிற்றுக்கு நல்லதல்ல. இதுவும் பத்தாம் படியில்.

*கூரின் ஓரமாக நீலம், ஊதா, வைக்கோல் மஞ்சள் பட்டைகள்:* சாணைச் சக்கரத்தில் பிடித்தபோது சூடேறியதன் அடையாளம். சாதாரண காபன் உருக்கு சுமார் 300 பாகை செல்சியஸை எட்டும்போது நீலமாகும். அந்தச் சூட்டில் கூரின் கடினம் குறைந்திருக்கும், நிறத்தை உரசி எடுத்தாலும் கடினம் திரும்பாது. இதற்கு இந்த வழிகாட்டியில் மருந்து இல்லை, நீலம் உள்ள பகுதியைக் கையால் கல்லில் மெதுவாகத் தீட்டித் தீர்ப்பதுதான் வழி.

*குண்டூசி முனை அளவு கறுப்புப் புள்ளிகள், சரிந்த வெளிச்சத்தில் குழியாகத் தெரிகின்றன:* குழிக் கறள். உப்பின் வேலை. ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் மேற்பரப்பில் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றை உண்டாக்கித்தான் உருக்கைக் காக்கிறது, உப்பில் உள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்து உள்ளே இறங்கும். காலிமுகத்திடலில் மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிட்டுவிட்டு, அதே கத்தியைக் கைலேஞ்சியால் ஒரு இழுப்பு இழுத்து மடக்கிப் பையில் போட்டால் அமிலம், உப்பு, ஈரம், காற்றோட்டமின்மை நான்கும் ஒன்றுசேரும். குழிக் கறளுக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

ஒரே அலகில் இரண்டு மூன்று வகை சேர்ந்து இருக்கலாம். அப்படி என்றால் கீழே உள்ள எண் வரிசையிலேயே போங்கள்.

6. பால், பிசின், டேப் பசை

விதி ஒன்றுதான்: ஒட்டுவதை எண்ணெயால் எடு, தண்ணீரால் எடுக்காதே. பலாக்காய் வெட்டுமுன் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், அதே கத்தியில் பால் காய்ந்த பிறகு மட்டும் ஏனோ சுடுதண்ணீரை ஊற்றுகிறார்கள்.

கறையை மூடும் அளவு தேங்காயெண்ணெய் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பால் இளகும். பிறகு துணியால் அழுத்தி இழுத்தால் தோலாக உரியும். மிச்சத்தைப் பல்குச்சியால். இன்னும் பிடிவாதமாக இருந்தால் துணி நுனியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், அலகில் மட்டும், பிடியில் படாமல்.

புறக்கோட்டையில் இருந்து வரும் பெட்டிகளைக் கட்டும் அந்தப் பழுப்பு டேப்பின் பசைக்கும் மண்ணெண்ணெய் நன்றாகக் கேட்கும். மண்ணெண்ணெய் மணம் பிடிக்காதவர்கள் பார்மசியில் யூகலிப்டஸ் எண்ணெய் வாங்கலாம், அதுவும் பசையைக் கரைக்கும், விலைதான் கூட.

முடிந்ததும் பாத்திரத் திரவத்தால் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடையுங்கள். எண்ணெய்ப் படலம் மிச்சம் இருந்தால் அடுத்த படிகளில் அப்பச்சோடாவோ தேசிச்சாறோ உருக்கைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

7. வெள்ளைப் படிவு

ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கரைந்தால் உப்பு அல்லது சவர்க்காரம், கழுவினால் சரி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடல் பக்கம் குடியிருப்பவர்கள் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தால் விரலில் வருமே, அதே உப்பு.

கரையாவிட்டால் சுண்ணாம்பு. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் இது இலேசில் வராது, யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவிட்ட கத்தி என்றால் சந்தேகமே வேண்டாம். தேசிச்சாறு ஒரு சொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். ஸ்டெயின்லெஸ்ஸில் இரண்டு நிமிடம், காபனில் கரைந்த உடனேயே, கழுவிவிடுங்கள்.

8. மேலோட்டமான கறள்

இங்கேதான் பொறுமை வேண்டும். நான்கு கட்டம். ஒவ்வொன்றின் பிறகும் துடைத்துப் பாருங்கள், போயிருந்தால் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதலாவது எண்ணெய். கறளின்மேல் எண்ணெய் தடவி ஒரு மணி நேரமாவது ஊறவிட்டுத் துணியால் அழுத்தித் துடையுங்கள். கறள் துளைத்துளையான பொருள், எண்ணெய் உள்ளே போய் அதன் பிடியைத் தளர்த்தும். டபிள்யூடி 40 (கறள் இளக்கும் ஸ்பிரே) இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், பிறகு சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

இரண்டாவது அப்பச்சோடா. கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பற்பசைப் பதத்தில் குழைத்து, கத்தியில் தடவி, பல் பிரஷால் தேயுங்கள். உருக்கைவிட மிக மென்மையான தூள், கறளை எடுக்கும், அலகைக் கீறாது. பழச்சாற்று அமிலம் மிச்சமிருந்தால் அதையும் சமப்படுத்தும். பெரும்பாலான சமையலறைக் கறள் இந்தக் கட்டத்தைத் தாண்டாது.

மூன்றாவது அலுமினியத் தாள். விரல் நுனி அளவு உருண்டையாகக் கசக்கி, தண்ணீரோ எண்ணெயோ தொட்டுக் கறள் உள்ள இடத்தில் மட்டும் தேயுங்கள். அலுமினியம் உருக்கைவிட மென்மை, தேய்வது அதுதான். கறுப்பாக ஒரு மசி வரும், பயப்பட வேண்டாம், துடைத்தால் போகும். கண்ணாடிபோலப் பளபளக்கும் அலகு என்றால் இந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள், நுண்ணிய கோடுகள்கூட அதில் தெரியும்.

நான்காவது தேசிச்சாறு, அதுவும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மட்டும். சாற்றில் நனைத்த டிஷ்யூவைக் கறள் உள்ள இடத்தில் மட்டும் ஒட்டி ஐந்து நிமிடம், அதிகபட்சம் பத்து. எடுத்து, பிரஷால் தேய்த்து, கழுவி, உடனே அப்பச்சோடாக் கரைசலில் ஒருமுறை துடையுங்கள், அமிலம் அங்கே மிஞ்சக் கூடாது. தேவைப்பட்டால் இன்னொரு தடவை செய்யலாம், ஆனால் ஒரே தடவையில் நீட்டாதீர்கள்.

வினாகிரியில் இரவு முழுக்க ஊறவைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய மண்வெட்டிக்குச் சரி. மடக்குக் கத்தியில் கறளைத் தின்ற பிறகு வினாகிரி உருக்கைத் தின்னத் தொடங்கும், அலகு மங்கிச் சாம்பலாகும், அச்சாணிக்குள் போன வினாகிரியை யாராலும் முழுக்கக் கழுவியெடுக்க முடியாது. அதைவிட மோசம் வெளுக்கும் திரவம். அதில் இருக்கும் குளோரின் சேர்வை ஸ்டெயின்லெஸ்ஸையே குழி விழ வைக்கும்.

எந்தக் கட்டத்திலும் ஒன்றைக் கவனியுங்கள்: அலகில் தொழிற்சாலையில் விழுந்த மெல்லிய கோடுகள் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கறள் போன இடம் தனித்திட்டாகத் தெரியும், வட்டமாகத் தேய்த்தால் அதைவிட அசிங்கமாகத் தெரியும்.

சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தும்பால் தேய்ப்பது அரிவாளுக்கும் தேங்காய் துருவிக்கும் பழகிய வழி, அவற்றுக்குப் பிழையில்லை. மடக்குக் கத்தியில் அந்தத் தூள் அச்சாணிக்குள் போய் ஒவ்வொரு திறப்பிலும் அரைத்துக்கொண்டிருக்கும்.

8அ. குழி விழுந்திருந்தால்

குழியின் அடியில் கறள் ஒளிந்திருக்கும்வரை அது ஆழமாகிக்கொண்டே போகும். எண்ணெயில் ஊறவிட்டு, பல்குச்சியின் நுனியை அப்பச்சோடாக் குழையில் தொட்டு, புள்ளி புள்ளியாகக் குடையுங்கள். அலுப்பான வேலை. செங்கல் நிறம் வருவது நின்றதும் நிறுத்துங்கள்.

குழி அப்படியே இருக்கும், அதை மறைக்க முயலாதீர்கள். குழியின் அடிவரை எமரி பேப்பரால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டுமென்றால் அலகு முழுவதையும் அந்த ஆழத்துக்கு மெலியவைக்க வேண்டும், ஐம்பது புள்ளிகளுக்காக ஒரு கத்தியைப் பலி கொடுக்கும் கணக்கு அது. சுத்தமான குழி வேலைக்குத் தடையில்லை. கூரின் ஓரத்திலேயே குழி இருந்தால் மட்டும் அங்கே பல் விழும், அது தீட்டும்போது தீரும்.

9. காபன் உருக்கின் கறுப்பு

விட்டுவிடுங்கள். இந்தக் கறுப்புப் படலம் இறுக்கமானது, செங்கறளைப்போலத் துளைத்துளையாக இல்லை, ஈரம் உருக்கைத் தொடுவதை ஓரளவு குறைக்கிறது. இதைத் தேய்த்தெடுத்து வெள்ளிபோல் ஆக்கினால் அடுத்த மழைக்கே செங்கறள் வந்து உட்காரும். அதே கறுப்பின் நடுவில் செம்மஞ்சள் புள்ளி தெரிந்தால் அந்தப் புள்ளிக்கு மட்டும் எட்டாம் படியின் முதல் இரண்டு கட்டங்கள்.

அழகுக்காகத்தான் எடுக்க வேண்டும் என்றால் அப்பச்சோடா, அலுமினியத் தாள். எடுத்த அன்றே எண்ணெய் பூசுங்கள்.

10. அச்சாணியும் பிடியின் உள்ளும்

அலகு பளிச்சென்று ஆனதும் பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கழுவிய தண்ணீர் எல்லாம் இப்போது இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் உலர்ந்த பிரஷால் உள்ளே அடைந்த துணித்தூசியை எடுங்கள், ஈரமாக்கினால் அது களியாகிவிடும். பிளாஸ்டிக், உலோகப் பிடி என்றால் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் பிடித்துப் பல தடவை திறந்து மடக்குங்கள், பிறகு வெறும் நீரில் அதேபோல். நீர் தெளிவாக வரும்வரை. மரப்பிடி என்றால் தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சி, கொஞ்சம் கொஞ்சமாக.

பச்சைப் படிவைப் பல்குச்சியால் சுரண்டி, எண்ணெய்ப் பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள். திருகாணி உள்ள கத்தியைக் கழற்றலாமா என்று கேட்பார்கள். அளவான திருப்புளியும், வாஷர் எந்தப் பக்கம் எந்த வரிசையில் இருந்தது என்று படம் எடுத்து வைக்கும் பழக்கமும் இருந்தால் கழற்றுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம், மேலே சொன்ன கழுவலே போதும். ஆணி அடித்து இறுக்கிய கத்தியைக் கழற்றவே முடியாது.

11. உலர்த்துதல், தீட்டுதல், எண்ணெய்

டிஷ்யூவால் துடைத்து, கத்தியைப் பாதி திறந்தபடி மேசை விசிறியின் முன் வையுங்கள், அரை மணி நேரமாவது. வெயில் நல்லதுதான், ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை இங்கே வெயிலை நம்பி ஒரு வேலையும் தொடங்க முடியாது. தலைமுடி உலர்த்தி இருந்தால் இன்னும் விரைவு. காஸ் சுவாலையில் காட்டாதீர்கள், கூர் மிக மெல்லியது, கண் சிமிட்டும் நேரத்தில் நீலமாகிவிடும்.

தீட்ட வேண்டுமென்றால் இப்போது தீட்டுங்கள். கறளோடு தீட்டினால் கல்லின் கண்கள் அடைபடும், எண்ணெய் பூசிவிட்டுத் தீட்டினால் பூசியது வீண். பழ அமிலமும் கறளும் மெல்லிய கூரைத்தான் முதலில் தின்னும், ஆகவே துப்புரவாக்கிய கத்தி மொட்டையாக இருப்பது இயல்பு. தீட்டியபின் இன்னொரு தடவை கழுவி உலர்த்துங்கள்.

கடைசியில் லிக்விட் பரஃபின். அச்சாணியில் ஒரு சொட்டு, சில தடவை திறந்து மடக்குங்கள், வெளியே வழிந்ததைத் துடையுங்கள். அலகில் விரலால் தடவி, துணியால் ஒற்றியெடுங்கள், கண்ணுக்குத் தெரியாத படலம் போதும். ஈரம் மின்ன எண்ணெய் விட்டால் சட்டைப்பைத் தூசி எல்லாம் ஒட்டும். தீட்டிய கூரையும் மறக்காதீர்கள், கத்தியிலேயே புதிதாக வெளிப்பட்ட உருக்கு அதுதான்.

தேங்காயெண்ணெய் போதாதா? அலகில் பூச, சில நாட்களுக்கு, போதும். அச்சாணிக்கு வேண்டாம். நாளாக மக்கல் மணம் வரும், அதோடு சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். கொழும்பில் இலகுவாகத் திறந்த கத்தி நுவரெலியாவில் திறக்க மறுத்தால் காரணம் அதுதான். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களைப் பூசவே பூசாதீர்கள், காற்றில் காய்ந்து பிசினாகி நீங்கள் திரும்ப ஆறாம் படிக்கு வர வேண்டியிருக்கும்.

12. வைக்கும் இடம், ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது

தோல் உறைக்குள் நெடுநாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கலாம். உலர்ந்த துணியில் சுற்றி, புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக்கூட வைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். கடலோர வீடு என்றால் வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு.

ஒரு வாரம் கழித்து டோர்ச்சைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். அதே புள்ளியில் திரும்பவும் செம்மஞ்சள் வந்திருந்தால் குழிக்குள் உப்பு மிஞ்சியிருக்கிறது: இளஞ்சூட்டு நீரில் அலகை மட்டும் சிறிது நேரம் பிடித்து, உலர்த்தி, 8அ-வைத் திரும்பச் செய்யுங்கள். அலகின் அடியில் அச்சாணியை ஒட்டிக் கோடாக வந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பத்தாம் படியும் விசிறியும். அலகு முழுக்கச் சீராக வந்திருந்தால் கத்தியை விடுங்கள், அது இருந்த டப்பாவையோ உறையையோ மாற்றுங்கள்.